கரைமேல் நாலு கடப்பாரை

அம்பத்தூரில் நான் மனை வாங்கியபோது தரகர், "ஏரிக்காத்து வரும் சார், ஃபேனே போட வேணாம்" என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியவில்லை. காற்று வந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகையில் ஏரியும் வந்தது. அதற்குப் பிறகு ஃபேன் போட மின்சாரமே இல்லை.

எங்கள் ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான், கிழக்கே. மேற்கே, எங்கள் நகர் இருந்த பக்கம், கரை கிடையாது. ஏரி நிறைய நிறைய மேற்காக விரியும். அப்படி விரிவதற்காக முன்னோர் விட்டுவைத்திருந்த இடத்தைத்தான் கல் நட்டு, கொடி கட்டி, பேர் வைத்து எங்களுக்கு விற்றிருந்தார்கள். கரைக்கு அந்தப் பக்கம், ஏரித் தண்ணீரைவிட இரண்டு ஆள் உயரம் பள்ளத்தில், பழைய ஊர். அதையும் தாண்டிக் கீழே, ஒரு காலத்தில் அந்த ஊர் வயல்களில் கூலிக்குப் போனவர்களின் குடிசைகள். வயல் போய்த் தொழிற்பேட்டை வந்ததும் அவர்கள் கம்பெனிகளில் சுமை தூக்கவும் பெருக்கவும் போனார்கள். ஊர்க்காரர்கள் லேத்தும் டிரில்லும் ஓட்டப் போனார்கள். நான் அதே பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் குமாஸ்தா. யார் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார்கள் என்று அட்டையில் சிவப்பு மையால் குறிப்பது என் தொழில். இதைச் செய்து சிநேகிதர்களைச் சேர்த்தவர்கள் யாரும் இல்லை.

ஆறு நாள் மழை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மகளை ஆவடியில் மைத்துனி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானும் மனைவியும் சாமான்களைக் காவல் காத்தோம். சாமான்கள் எங்கும் ஓடவில்லை, மிதந்தன. கரைக்குக் கீழே நிலைமை இன்னும் மோசம். உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலிலிருந்து போகும் கால்வாய் உடைத்துக்கொண்டு குடிசைகளுக்குள் புகுந்துவிட்டது. எல்லோரும் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், ரோடு முழுகிவிட்டதால் இரண்டு நாளாக யாரும் சோறு கொண்டுபோகவில்லை என்று செய்தி வந்தது.

எங்கள் நகர் நலச் சங்கம் உடனே கூடியது. இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதுவரை நாங்கள் செய்த ஒரே பொதுக்காரியம் தெருநாய்களைப் பற்றி நகராட்சிக்கு மனு கொடுத்தது. செயலாளர் ஒரு கம்பெனியில் வரைபடக்காரர். கோடு போட்டால் கோடு, பேசினால் பேச்சு, எல்லாவற்றிலும் அளவு தெரிந்தவர். அவர் மொட்டை மாடியில் ஏறி நின்று, "நம்ம வீட்ல முழங்கால். அங்க இடுப்பு. நாம போய் அவங்களுக்கு ஒரு வேளை சோறாவது ஆக்கிப் போடணும்" என்றார். கண்ணில் நீர் தளும்பிவிட்டது எனக்கு. எனக்குச் சீக்கிரம் தளும்பும்.

மறுநாள் காலை வசூல். நாலு பேர் ஒரு போர்வையின் நாலு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவோடு நடப்பது, வீட்டுக்காரர்கள் அதில் போடுவது. மேனாம்பேட்டிலும் கொரட்டூரிலும் தண்ணீர் ஏறாத தெருக்களாகப் பார்த்து நடந்தோம். நான் வலது பின் முனை. போர்வையில் அரிசி விழ, அரிசி மேல் மழை விழ, பாதித் தெருவுக்குள் அது ஊறவைத்த அரிசியாகிவிட்டது. ஒருவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைத் தூக்கிப் போட்டார். ஒரு வீட்டிலிருந்து ஒற்றைச் செருப்பு வந்தது, இன்னொன்று தேடிக் கிடைத்ததும் அனுப்புவதாகச் சொன்னார்கள். கொரட்டூரில் ஓர் அம்மாள் மாடியிலிருந்தே எங்களை விசாரித்தார்.

"எங்கிருந்து வர்றீங்க?"

இடத்தைச் சொன்னோம்.

"அங்கதான் வீட்டுக்குள்ளயே தண்ணின்னாங்களே! உங்களுக்கா வசூல் பண்றீங்க?"

"இல்லம்மா, கரைக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு."

அவர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு மரக்கால் புழுங்கலரிசியும் ஒரு சீப்பு வாழைக்காயும் கொண்டுவந்து போட்டார். "நல்லா இருப்பீங்கப்பா" என்றார். நான் நன்றாகத்தான் இருந்தேன். தொழிலில் பிறருக்குச் சிவப்பு மை போடுகிறவனுக்கு, தன் பேரில் இப்படிப் பச்சையாக ஏதாவது எழுதப்பட்டால் உச்சி குளிர்ந்துவிடுகிறது.

மதியம் இரண்டு மணிக்கு வேனில் மூட்டைகளை ஏற்றினோம். பந்தல்காரரிடம் வாங்கிய இரண்டு அண்டா, கரண்டி, விறகு, மண்ணெண்ணெய். அடுப்புக்குக் கல் கிடைக்காது என்பதால் மேடான இடத்தில் பள்ளம் வெட்டி, அதன்மேல் அண்டாவை வைப்பதாகத் திட்டம். அதற்கு வேண்டிய சாமான் தார்ப்பாயில் சுருட்டிக் கட்டியிருப்பதாகச் செயலாளர் சொன்னார். வேன் கரையின் வடக்கு முனை வரைதான் போகும். அதற்கப்புறம் ரோடு தண்ணீருக்கடியில். ஊருக்குப் போக ஏரிக்கரை ஒன்றுதான் வழி, தலைச்சுமையாகத்தான் போகவேண்டும். நாங்கள் ஏழு பேர். தார்ப்பாய்ச் சுருட்டை இரண்டு பேர் முனைக்கொருவராகத் தூக்கினார்கள். தூக்கும்போதே அவர்கள் முகம் சிவந்தது. துணிக்கு இத்தனை கனமா என்று எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. என் தலையில் அரை மூட்டை அரிசி இருந்தது. தலைக்குள் கொரட்டூர் அம்மாளின் ஆசீர்வாதம் இருந்தது.

கரையில் ஏறினோம். இடது பக்கம் பழைய ஊரின் ஓட்டுக் கூரைகள் எங்கள் காலுக்குக் கீழே இருந்தன. வலது பக்கம் ஏரி, கரையின் உச்சிக்கு ஒரு சாண் குறைவாக. காற்று அடிக்கும்போது அலை மேலே ஏறிச் செருப்பை நனைத்தது. இந்த மண் மேடு, அகலம் ஒரு மாட்டுவண்டி அளவு, இதுதான் அத்தனை தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நின்றது. தூரத்தில், தண்ணீருக்கு அக்கரையில், எங்கள் நகரின் மொட்டை மாடிகள் தெரிந்தன. அதில் ஒன்று என்னுடையது. சுவர் முக்கால்தான் தெரிந்தது.

பாதிக் கரை போவதற்குள், கரைக்குக் காவல் நின்ற ஒருவன் தகர டின்னைத் தட்டினான். முன்னும் பின்னும் ஆட்கள். ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் இருக்கும். எல்லோர் கையிலும் கழி. மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டியிருந்தார்கள்.

"இறக்கு" என்றார் முன்னால் நின்றவர். "தலையில இருக்கிறதெல்லாம் கீழ வை."

அவரை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் பிட்டர். ஊரில் வயல் வைத்திருந்த பழைய குடும்பம். அவருடைய அட்டையில் அந்த வருடம் மட்டும் நான் சிவப்பு மையை எத்தனை தடவை தொட்டிருப்பேன் என்பதை நினைத்துப் பார்க்க அது நேரமில்லை. அவரும் என்னைக் கண்டுகொண்டார்.

"யாரு, டைம் ஆபீசா! இன்னா சார், இங்கயும் லேட் மார்க் போட வந்துகினியா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

செயலாளர் முன்னே போய் நயமாகப் பேசினார். பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்குச் சமைத்துப் போட வந்திருக்கிறோம், அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், நேரமாக்காமல் விடுங்கள். கழிகள் கொஞ்சம் தாழ்ந்தன. அப்போது ஒரு பெண் தார்ப்பாய்ச் சுருட்டைக் காலால் நெட்டினாள். உள்ளே இரும்பு இரும்போடு இடித்துச் சத்தம் கேட்டது.

அவள் குடிசைப் பக்கத்தைச் சேர்ந்தவள், ஏதோ கம்பெனியில் பெருக்குகிறவள் என்று பிறகு தெரிந்தது. அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள்.

"ணா, இதுல இரும்பு கீது" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு அங்கே இருந்த பொருள் எங்கள் ஏழு பேரில் யாருக்கும் தெரியாது. ஏரி நிறைந்து நிற்கும்போது வெளியாள் எவனும் கரைமேல் இரும்பு கொண்டுவரக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அரிவாளாக இருந்தாலும் கரை முனையில் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். ஊர் மண்வெட்டிகளைக்கூட ஓர் ஆள் பொறுப்பில் வைத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்குவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கரையில் ஒரு முழம் வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். நாங்கள் எங்கிருந்தோ வந்து மனை வாங்கியவர்கள். ஏரி என்பது எங்களுக்குக் காற்று வருகிற திசை.

தார்ப்பாயைப் பிரித்தார்கள். மூன்று மண்வெட்டி. நாலு கடப்பாரை.

"இன்னாத்துக்கு நாலு கடப்பாற?" என்றாள் அவள். "அடுப்பு வெட்டப் போறியா, கெணறு வெட்டப் போறியா?"

செயலாளர் தயங்காமல் பதில் சொன்னார். "மண்ணு எப்படி இருக்கும்னு தெரியாதும்மா. ஒண்ணு வளைஞ்சா இன்னொண்ணு வேணும்ல."

"நனஞ்ச மண்ல கடப்பாற வளயுமா?" என்றாள் அவள், கூட்டத்தைப் பார்த்து. "யோவ், கேட்டுக்கினீங்களா? சாருக்குக் கடப்பாற வளயுதாம்!"

நான் கடப்பாரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முந்தின நாள் செயலாளர் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஏரி மட்டத்தையும் கரை மட்டத்தையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தது. சமைக்கத் தெரிந்தவர்களை விட்டுவிட்டு, கட்டட வேலை தெரிந்த இரண்டு பேரை அவர் பொறுக்கி எடுத்துக்கொண்டது. நாலு மணிக்குள் சோறு போட்டுவிட்டு இருட்டுவதற்குமுன் திரும்பும் வழியில் கலங்கல் பக்கமாக வரலாம் என்று இரண்டு தடவை சொன்னது. புத்தகம் நிறையப் படிக்கிறவன் என்று எனக்குத் தெருவில் ஒரு பேர் உண்டு. இரண்டாம் பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுகிற ஆள் நான், கொலை புத்தகத்தில் நடந்தால்.

செயலாளர் என் பக்கம் நகர்ந்து, உதடு அசையாமல் பேசினார்.

"ஒரு முழம் சார். கலங்கல் ஓரமா. ஆளுங்க எல்லாம் ஸ்கூல்ல, மேட்டுல இருக்காங்க. சாப்பாடும் போட்டுடுவோம். குடிசை ஏற்கெனவே நனைஞ்சதுதானே? நம்ம வீடெல்லாம் காலைல காஞ்சிடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கணக்குப் போட்டுட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவருடைய அம்மா படுத்த படுக்கை. மூன்று நாளாக அந்த வயதானவளை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பசியாற்றுவது, அப்புறம் வெட்டுவது என்ற வரிசைகூட அவருடைய நல்ல மனசுதான்.

அந்தப் பெண்ணுக்குக் காது கூர்மை. அல்லது முகத்தைப் பார்த்தே படித்துவிட்டாள்.

"ஸ்கூல் மேட்டுலன்னு எவன் சொன்னான் உனுக்கு?" என்று கத்தினாள். கையை நீட்டிக் காட்டினாள். கரைக்கு நேர் கீழே, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால், ஒற்றை மாடிகூட இல்லாத ஓட்டுக் கட்டடம். வாசல்படியில் தண்ணீர். "இன்னாய்யா மேடு அங்க? பெஞ்சு மேல ஏறி நின்னா அதான் மேடு! என் புள்ளைங்க மூணும் பெஞ்சு மேலதான் குந்திகினு கீதுங்க!"

யாரோ ஒருவன் பின்னாலிருந்து எங்களில் ஒருவரின் சட்டைக் காலரைப் பிடித்தான். கழிகள் மறுபடி உயர்ந்தன. கரை குறுகல். பின்வாங்க இடமில்லை. வலது பக்கம் விழுந்தால் ஏரி, இடது பக்கம் விழுந்தால் சரிவு. எனக்கு நீச்சல் தெரியாது, உருளவும் பழக்கமில்லை.

பிட்டர் கையைத் தூக்கினார். "இரு. எல்லாம் இரு." பிறகு என்னிடம் வந்தார். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது.

"சார், நீ சொல்லு. என் பொண்ணுக்கு ஜொரம்னு ரெண்டு நிமிசம் லேட்டா வந்தேன். அதயும் எழுதின ஆளு நீ. எங்கப்பன் செத்த மறுநாளு லேட்டா வந்தேன், அதயும் எழுதின. உன்ன மாரி ஒரு ஈவெரக்கமில்லாதவன நான் பாத்ததில்ல. ஆனா இல்லாதத எழுதுனதில்ல நீ. அதான் கேக்கறேன். இது அடுப்புக்கா, கரைக்கா?"

என்னை இதைவிட நன்றாக யாரும் பாராட்டியதில்லை. இதைவிட மோசமாகவும்.

அடுப்புக்குத்தான் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மாலை இருட்டும்முன் என் சமையலறைத் தண்ணீர் குறைய ஆரம்பித்திருக்கும். கரைக்கு என்று சொல்லியிருந்தால் எங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் முழுதாகத் திரும்பியிருப்போம் என்று தெரியாது. அரிசியும் ஏரிக்குள் போயிருக்கும். கீழே இருந்த பிள்ளைகளுக்கு மூன்றாவது நாளும் பட்டினி. செயலாளர் என்னையே பார்த்தார். அவர் கண் கெஞ்சியது. எதற்காக என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. சொல்லு என்றா, சொல்லாதே என்றா?

நாக்கு வறண்டுபோனால் மனிதனுக்குத் தொழில்தான் கைகொடுக்கிறது. நான் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தேன்.

"ரெண்டு அடுப்புக்கு ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி போதும்" என்றேன். என் குரல் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வருவது போலவே இருந்தது. "மிச்சம் மூணு கடப்பாரை, ரெண்டு மண்வெட்டி உங்ககிட்ட இருக்கட்டும். தண்ணி இறங்கினப்புறம் திருப்பித் தரணும். கம்பெனி சாமான் வெளிய போறதுக்கு எழுதற மாதிரி கேட் பாஸ் எழுதித் தரேன்."

மழைத்துளி நோட்டின்மேல் விழுந்து எழுத்தைக் கரைத்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடப்பாரை, மூன்று. மண்வெட்டி, இரண்டு. திரும்பப் பெறத்தக்கது. அத்தனை பேர் கழியோடு சுற்றி நிற்கையில் ஒருவன் கேட் பாஸ் எழுதுவதை அவர்கள் அதற்குமுன் பார்த்திருக்கமாட்டார்கள். எழுத்து என்னுடையது போலவே இல்லை.

பிட்டர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, ஆனால் சொல்லியும் விட்டேன் என்பது அவருக்குப் புரிந்தது. செயலாளருக்கும் புரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அரிசி கீழ போவட்டும்" என்றார் பிட்டர்.

"கடப்பாற மட்டும் போதாது ணா" என்றாள் அந்தப் பெண். "ஒரு ஆளும் இங்கயே இருக்கட்டும். சோறாக்கிட்டுப் போறப்போ இன்னா பண்ணுவானுங்களோ!"

"எந்த ஆளு?"

அவள் என்னைக் காட்டினாள். "இதோ, எய்திகினு கீறாரே, இவருதான். இவரயும் அந்தச் சீட்டுல எய்திக்கச் சொல்லு."

இந்தத் தடவை பிட்டரும் சிரித்தார். நான் எழுதவில்லை. ஆனால் இருந்தேன்.

மற்ற ஆறு பேரும் ஊர்க்காரர்கள் துணையோடு சரிவில் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். செயலாளர் ஒரு அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு போனார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். நான் ஒரு மண்மூட்டை மேல் உட்காரவைக்கப்பட்டேன். தண்ணீருக்குள் ஒரு மூங்கிலை நட்டு, அதில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு மேல் மழை வலுத்தது. கோட்டுக்குக் கீழே இருந்த தண்ணீர் கோட்டைத் தொட்டது. பிறகு கோடு தெரியவில்லை. எல்லோரும் அந்த மூங்கிலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நாலு மணி சுமாருக்குத் தெற்கே டின் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். என்னைக் காவல் காத்தவரும் ஓடினார். நான் ஏன் வடக்கே ஓடவில்லை என்று கேட்டால், பயத்தில் கால் கூட்டத்தோடு போய்விட்டது என்பதுதான் உண்மை.

கரையின் வெளிச்சரிவில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு எலிவளை அளவு ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிட்டர் குனிந்து கையில் ஏந்திப் பார்த்தார்.

"கலங்கி வருது" என்றார்.

"அதனால என்ன?" என்று கேட்டேன்.

"தெளிஞ்ச தண்ணி வந்தா கரை வேர்க்குதுன்னு அர்த்தம். கலங்கிப் போய் வந்தா உள்ள மண்ணத் தின்னுகினு வருதுன்னு அர்த்தம் சார். கேட் பாஸ் இல்லாம."

வைக்கோலும் மண்மூட்டையும் சரிவில் கைமாறி இறங்கின. நான் வரிசையில் எப்படி நின்றேன் என்று தெரியாது. நின்றேன். எனக்கு மேலே அந்தப் பெண், கீழே பிட்டர். ஒவ்வொரு மூட்டையும் வாங்கும்போது என் தோள்பட்டை கழன்று மறுபடி மாட்டிக்கொண்டது. ஓட்டை எலிவளையிலிருந்து முயல்வளை ஆயிற்று. அதைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் வைக்கோலைத் திணித்து மிதித்தார்கள். பழுப்புத் தண்ணீர் அவர்கள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. அங்கிருந்து பள்ளிக்கூட ஓடு ஒரு கல்லெறி தூரம். அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அதற்குள் சோறு வெந்திருக்கும்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்த வரிசையில் நின்றபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இது தானாகவே போய்விட்டால் யார்மேலும் குற்றமில்லை. நான் எதையும் வெட்டவில்லை, யாரையும் காட்டியும் கொடுக்கவில்லை. காலையில் என் வீடு காய்ந்திருக்கும். அந்த எண்ணம் வந்த நொடியில் என் கையில் ஒரு மூட்டை இருந்தது. அதை நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன் போலிருக்கிறது.

"குடு சார்!" என்று பிட்டர் கீழேயிருந்து கத்தினார். "இன்னா, தூங்கிட்டியா?"

கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை மூட்டை என்று தெரியாது. எதையும் எண்ணாமல் விட்டது அன்று ஒருநாள்தான். ஒரு கட்டத்தில் பிட்டர் மறுபடி குனிந்து உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தினார். எல்லோரும் அவர் கையையே பார்த்தோம். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள், பிடித்திருப்பது யார் தோள் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவர் உள்ளங்கையைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். ரேகை தெரிந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது.

அவரவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து வாழையிலையில் சோறும் சாம்பாரும் மேலே வந்தன. அந்த அரிசியை நான்தான் போர்வையில் வாங்கியிருந்தேன், கல் நிறைய இருந்தது. அந்தப் பெண் ஒரு பிடி தின்றுவிட்டு, "யாரு ஆக்கினது? உப்பே இல்ல" என்றாள். பிறகு முழுவதையும் தின்றாள். பிள்ளைகள் சாப்பிட்டாயிற்றா என்று மட்டும் கொண்டுவந்தவரிடம் இரண்டு தடவை கேட்டாள்.

மழை விட்டு, இருட்டத் தொடங்கும் முன் எங்கள் ஆட்கள் மேலே வந்தார்கள். செயலாளரின் வேட்டி இடுப்புவரை சேறு. பிட்டர் கேட் பாஸைச் சட்டைப்பையில் தட்டிக் காட்டி, "இதெல்லாம் தண்ணி எறங்கினப்புறம்" என்றார். என்னைப் பார்த்து, "சார் மட்டும் இப்பவே போலாம்" என்றார்.

வேனில் ஏறும்போதுதான் செயலாளர், யாரிடமும் இல்லாமல், "நான் அந்த ஸ்கூல் பக்கம் மட்டம் எடுக்கலை" என்றார். அந்த மழைக்காலம் முடியும்வரை என்னிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டார் இன்னும் கொஞ்ச காலம் கூடுதலாக என்னோடு பேசவில்லை.

வீட்டு வாசலில் என் மனைவி முழங்கால் தண்ணீரில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை மணிக்கு வடியும்?" என்றாள்.

"வடியாது."

விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். "வெட்டலையா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுல யாருக்குத் தெரியாது? உங்ககிட்ட சொன்னா மூஞ்சியிலேயே எழுதி ஒட்டிக்கிட்டுப் போவீங்கன்னு செயலாளர் வீட்ல சொன்னாங்க. நாங்க எல்லாரும் மத்தியானத்திலேர்ந்து சுவத்துல கோடு போட்டு வச்சுக்கிட்டு பாத்துட்டு இருக்கோம்."

நான் பள்ளிக்கூடம் இருந்த பள்ளத்தைச் சொன்னேன். பெஞ்சு மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைச் சொன்னேன். நான் நேரில் பார்க்கவில்லை, அந்தப் பெண் சொன்னதைத்தான் சொன்னேன். எலிவளை முயல்வளை ஆனதைச் சொன்னேன். மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை மட்டும் சொல்லவில்லை.

அவள் சுவரில் போட்டிருந்த கரிக்கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் அதற்கு இரண்டு விரல் மேலே இருந்தது. விளக்கை ஆணியில் மாட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"அப்ப கட்டிலை இன்னும் ஏத்தணும்" என்றாள். "நான் கால் பக்கம் தூக்கறேன். நீங்க அந்த அம்மியை அதுக்கு அடியில தள்ளுங்க."

தண்ணீருக்குள் கையை விட்டு அம்மியைத் தேட ஆரம்பித்தேன்.